நன்றாகத் துவைக்கும், நாள்தோறும் நச்சரிக்கும்: ஒரு சலவை இயந்திரத்தின் மதிப்புரை

துவைப்பதைப் பொறுத்தவரை இந்த இயந்திரத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பக்கக் கதவும், 8 கிலோ கொள்ளளவும், நிமிடத்துக்கு 1200 சுற்றுகள் வரை சுழலும் டிரம்மும் கொண்ட முழுத் தானியங்கி இயந்திரம் இது. சட்டைக் காலரில் படிந்த அழுக்கு போகிறது, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வருகிறது, சோப்பு வாடை துணியில் தங்குவதில்லை, பிழிந்த துணியைக் கொடியில் போட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழுவதில்லை. வழக்கமான மதிப்புரைகள் இவ்வளவையும் சொல்லி, ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் கொடுத்து முடித்துவிடும். அவை முடிக்கிற இடத்திலிருந்துதான் நான் தொடங்க விரும்புகிறேன். இப்படிப்பட்ட ஒரு நல்ல இயந்திரத்தோடு அன்றாடம் புழங்கும்போது, புகார் என்று எழுதிக் கொடுக்க முடியாத, ஆனாலும் முகத்தைச் சுளிக்க வைக்கிற சின்னச் சின்ன எரிச்சல்கள் எத்தனையோ எழுகின்றன. இந்த மதிப்புரை முழுவதும் அவற்றைப் பற்றியதுதான். தயாரிப்பாளரின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் பல நிறுவனங்களின் இயந்திரங்களுக்கும் பொதுவானவை; ஒருவர் பெயரை மட்டும் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிதுபடுத்தத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்க உளவியலாளர்களான ஆலன் கேனர், ரிச்சர்ட் லாசரஸ் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் அன்றாடத் தொல்லைகளை அளப்பதற்கென்றே 117 தொல்லைகள் அடங்கிய ஒரு பட்டியலைத் தயாரித்து, நடுவயதினர் 100 பேரிடம் மாதக்கணக்கில் தொடர்ந்து கேட்டு, 1981-ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். வாழ்க்கையைப் புரட்டிப்போடும் பெரிய நிகழ்வுகளைக் காட்டிலும், நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும் இந்தச் சிறு தொல்லைகளே ஒருவருடைய உளவியல் பாதிப்புகளின் அறிகுறிகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன என்று அவர்கள் கண்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. பெரிய துன்பம் வந்தால் ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். இயந்திரத்தின் கதவு திறக்க மறுக்கிறது என்பதற்காக யாரும் வந்து கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் மிக அதிகமாகப் பயன்படும் பொருள்களுள் ஒன்று தினமும் ஐந்தாறு முறை நம் பொறுமையைச் சுரண்டுமானால், அது எவ்வளவு வெளுப்பாகத் துவைக்கிறது என்பதோடு இதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

முதலில் அந்தப் பாட்டைச் சொல்ல வேண்டும். துவைத்து முடித்ததும் இந்த இயந்திரம் ஒரு மெட்டு இசைக்கிறது. ஒரே ஒரு "பீப்" ஒலியில் சொல்லிவிடக்கூடிய செய்தியை ஏறக்குறைய அரை நிமிடம் இழுத்துச் சொல்கிறது. அப்போதும் யாரும் வந்து கதவைத் திறக்காவிட்டால், சில நிமிடங்கள் கழித்து அதே மெட்டை முதலிலிருந்து மறுபடியும் தொடங்குகிறது. ஒலியை எழுப்புவது உள்ளே இருக்கும் ஒரு பீசோ பஸ்ஸர். மெல்லிய உலோகத் தகட்டில் ஒட்டப்பட்ட பீங்கான் வில்லை ஒன்று மின்னழுத்தத்துக்கு ஏற்ப வளைந்து நிமிர்வதால் ஒலி பிறக்கிறது. இத்தகைய சிறிய பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில்தான் உரக்க ஒலிக்கும். மனிதச் செவியும், செவிக்குழாயின் அமைப்பு காரணமாக, கிட்டத்தட்ட அதே எல்லைக்குள்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். மிகக் குறைந்த மின்சாரத்தில் மிக அதிகமாகக் காதைத் துளைக்கும் ஓர் ஏற்பாடு இது. கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையில் தூங்கும் குழந்தை எழுந்துவிடுகிறது. ஆனால் வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன் என்பதால், வீட்டின் முதியவருக்கு, அதுவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால், மெட்டு சரியாகக் காதில் விழுவதில்லை. யாரை எழுப்பக் கூடாதோ அவரை எழுப்பி, யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல்லாமல் விடுகிறது. நுகர்பொருள்கள் எழுப்பும் ஒலிக்குறிப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, செவித்திறன் குறைந்தவர்களையும் கருத்தில் கொண்டு, ஐ.எஸ்.ஓ. 24500 என்ற சர்வதேசத் தர விதி 2010-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் அதைப் புரட்டிப் பார்த்ததற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்த மெட்டை நிறுத்த வழி இல்லாமல் இல்லை. சூட்டுக்கான பொத்தானையும் சுழற்சி வேகத்துக்கான பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஒலி அடங்கும். ஆனால் இயந்திரத்தின் முகப்பில் இதைக் காட்டும் எந்தக் குறியும் இல்லை. கையேட்டில், குழந்தைப் பூட்டைப் பற்றிய பகுதிக்கு அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரியாக இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்து நிறுத்தி வைத்தாலும், ஒருமுறை மின்சாரம் போய் வந்ததும் இயந்திரம் அனைத்தையும் மறந்துவிட்டுப் பழையபடி பாடத் தொடங்குகிறது. ஒலியைவிட எனக்கு அதிக எரிச்சலூட்டுவது இந்த மறதிதான். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் இரைச்சலைப் பற்றி நடத்தி 1972-இல் தொகுத்து வெளியிட்ட சோதனைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. திடீர் திடீரென்று எழும் இரைச்சலுக்கு நடுவே இரண்டு குழுக்களை வேலை செய்ய வைத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், வேண்டுமானால் இரைச்சலை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு பொத்தானைக் கொடுத்து, முடிந்தவரை அதை அழுத்தாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். பெரும்பாலானோர் அழுத்தவே இல்லை. இருந்தும், பின்னர் கொடுக்கப்பட்ட வேலைகளில் அவர்களே குறைவாகத் தவறு செய்தார்கள், விடை கிடைக்காத புதிர்களோடு அதிக நேரம் பொறுமையாக மல்லுக்கட்டினார்கள். இரைச்சல் இரு குழுவுக்கும் ஒன்றுதான். நிறுத்த முடியும் என்ற நிலை ஒன்றே வேறுபாடு. முகப்பில் ஒரு மணிச் சின்னத்தைப் போட்டு அதன் மேல் ஒரு கோட்டையும் இழுத்திருந்தால், அந்தப் பொத்தானை நான் ஒருவேளை தொடாமலே இருந்திருப்பேன்.

பாட்டைக் கேட்டு, செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றால், கதவு திறக்காது. முகப்பில் சாவி வடிவ விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். கைப்பிடியில் விரலை வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்போம், அசையாது. ஒன்றிரண்டு நிமிடங்களுக்குப் பிறகு உள்ளேயிருந்து "டக்" என்று ஓர் ஒலி வரும், அதன் பிறகுதான் கதவு விடும். இந்தத் தாமதத்துக்குத் தகுந்த காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றின் கதவுப் பூட்டில் இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டையும், அதைச் சூடாக்கும் ஒரு சிறு மின்தடையும் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது பட்டை சூடேறி வளைந்து பூட்டைத் தள்ளி நிறுத்தும்; மின்சாரம் நின்ற பிறகு பட்டை குளிர்ந்து பழைய நிலைக்கு வந்தால்தான் பூட்டு விலகும். துவைக்கும் நடுவில் மின்சாரம் போனாலும், சுழன்றுகொண்டிருக்கும் டிரம்முக்குள் யாரும் உடனே கையை விட்டுவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பாதுகாப்பை நான் நன்றியோடுதான் பார்க்கிறேன்.

என் கேள்வி வரிசையைப் பற்றியது. பூட்டு விலகிவிட்டதா இல்லையா என்பது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரியும். தெரிவதால்தான் சாவி விளக்கை எரியவிட்டு அணைக்கிறது. அப்படியிருக்க, பூட்டு விலகிய பிறகு பாடினால் என்ன? இதைச் சரிசெய்ய ஒரு திருகாணிகூடக் கூடுதலாகத் தேவையில்லை, எந்த உதிரிப்பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை. முதலில் பூட்டு, அடுத்து பாட்டு என்று நிரலில் மாற்றி எழுதியிருந்தால் போதும். இப்போதைய ஏற்பாட்டில், வேலையை விட்டு வந்தவர் திரும்பிப் போனால் மறுபடி வர வேண்டும், போகாவிட்டால் சும்மா நிற்க வேண்டும். ஒரு நிமிடம் வேறெதற்கும் உதவாத ஓர் இடைவெளி. பொறுமையிழந்தவர்கள் கைப்பிடியை இழுக்கிறார்கள், அது பிளாஸ்டிக். எங்கள் வீட்டு இயந்திரத்தின் கைப்பிடி இதற்குள்ளாகவே லேசாக ஆட்டம் கண்டுவிட்டது, அதற்குக் காரணம் இழுத்தவர்களின் முரட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வா என்று கூப்பிட்டுவிட்டு வாசலில் நிற்க வைத்தால் யாரும் கதவைத் தட்டத்தான் செய்வார்கள்.

அடுத்தது கடைசி நிமிடம். தொடங்கும்போது திரை 1:05 என்று காட்டும். நடுவில் அது திடீரென்று 52-இலிருந்து 58-க்கு ஏறும். அதையும் மன்னித்துவிடலாம். குழாய்த் தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் நிரம்ப நேரமாகும், தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் சூடேற நேரமாகும், நுரை அதிகமானால் இன்னொரு முறை அலச வேண்டியிருக்கும். தொடக்கத்தில் காட்டுவது ஒரு மதிப்பீடுதான். ஆனால் 1 என்ற எண்ணுக்கு வந்த பிறகு, அந்த ஒரு நிமிடம் சில நாள்களில் பத்து நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. டிரம் மெல்லச் சுற்றுகிறது, நிற்கிறது, எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, வேகமெடுப்பது போல் பாவனை காட்டிவிட்டு மறுபடியும் நின்றுவிடுகிறது. எண் மட்டும் 1-ஐ விட்டு நகர்வதில்லை.

நடப்பது என்னவென்றால், இயந்திரம் துணிகளைச் சமமாகப் பரப்ப முயன்றுகொண்டிருக்கிறது. ஈரத் துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டால் அதே நிலையில் முழு வேகத்தில் சுழற்ற முடியாது. 48 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1200 முறை சுழலும்போது, அதன் விளிம்பில் இருக்கும் பொருளின் மீது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 385 மடங்கு விசை செயல்படுகிறது. ஒரு பக்கத்தில் வெறும் அரைக் கிலோ துணி கூடுதலாக இருந்தாலும், அது 190 கிலோவுக்கும் மேற்பட்ட எடையைப் போல டிரம்மைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். அதனால்தான் மோட்டாரின் சுழற்சியில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தைக் கவனித்து, துணி சீராகப் படியும் வரை மறுபடி மறுபடி உதறிப் பார்க்கிறது. தனியாக ஒரு கனமான போர்வையைப் போட்டால் இந்தத் திண்டாட்டம் அதிகமாகும். கூடவே இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் எடை பரவி, பெரும்பாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இவ்வளவு புத்திசாலித்தனமாக ஒரு வேலையைச் செய்யும் இயந்திரம், அதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்வதில்லை. அதன் திரை எண்களோடு எழுத்துகளையும் காட்டக்கூடியது. கதவு சரியாக மூடவில்லை என்றால் சொல்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் சொல்கிறது. "துணியைச் சமன்செய்கிறது" என்று ஒரு சொல் காட்டுவதில் அதற்கு என்ன சிரமம் இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. காத்திருத்தலின் உளவியலைப் பற்றி 1985-இல் எழுதிய டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்றும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பு சொல்லப்பட்டதைவிட நீளமாகத் தோன்றும் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். இந்த இயந்திரத்தின் கடைசி நிமிடம் இரண்டு வகையிலும் நீள்கிறது. போதாக்குறைக்கு ஒரு பொய்யான எண்ணையும் காட்டுகிறது. அந்த எண்ணை நம்பி, வெளியே கிளம்புவதற்கு முன் துணியை உலர்த்திவிட்டுப் போகலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிற ஒருவரை நினைத்துப் பார்த்தால், இது சின்ன விஷயம் என்று சொல்ல மனம் வராது.

முகப்பில் அழுத்தும் பொத்தான்களுக்குப் பதிலாகத் தொடுதிரைப் பொத்தான்கள் வைத்திருக்கிறார்கள். பார்க்க வழவழப்பாக, அழகாக இருக்கின்றன. ஆனால் இத்தகைய பொத்தான்கள் விரல் நெருங்கும்போது மின்தேக்கத்தில், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறனில், ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு வேலை செய்பவை. கண்ணாடியின் மேல் தண்ணீர் படிந்தால் அந்த மாற்றத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் தடுமாறும். துணி துவைக்க வருகிறவரின் கை ஈரமாகத்தான் இருக்கும். கறையை ஊறவைத்துக் கசக்கிவிட்டு வந்து தொட்டால் ஒன்று இயந்திரம் கண்டுகொள்வதில்லை, அல்லது தொடாத பொத்தானுக்குப் பதில் சொல்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியையும் துடைக்கப் போனால், துடைக்கும் துணியின் தடவலையே கட்டளையாக எடுத்துக்கொண்டு வேறொரு நிலைக்குப் போய்விடுகிறது. அழுத்தினால் உள்ளே போய் வெளியே வரும் சாதாரணப் பொத்தானில் இந்தச் சங்கடம் எதுவும் இருந்ததில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் விரலால் தடவிக் கண்டுபிடித்து அதைப் பயன்படுத்த முடிந்தது. இதை ஒரு முன்னேற்றமாக விளம்பரப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது பருத்தித் துணிக்கான நீண்ட நிரலில் போய் நிற்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். தண்ணீரைச் சூடாக்கத்தான் மின்சாரத்தின் பெரும்பகுதி செலவாகிறது. சூட்டைக் குறைத்து அதிக நேரம் துவைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பதால், நீண்ட நிரலை முன்னால் வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நேற்றும் அதற்கு முந்தைய நாளும் அதற்கும் முந்தைய நாளும் நான் குறுகிய நிரலைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு ஒரு துளி நினைவகம் போதும். நிரலை மாற்றினால், முன்பே குறைத்து வைத்த சுழற்சி வேகமும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அதையும் மறுபடி குறைக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒரே கேள்வியை ஒரே ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கும் இயந்திரம் இது.

சோப்பு போடும் இழுப்பறையில் மூன்று பள்ளங்கள். எது முன்சலவைக்கு, எது முதன்மைச் சலவைக்கு, எது மென்மையூட்டும் திரவத்துக்கு என்பதை வெள்ளை பிளாஸ்டிக்கில் வெள்ளையாகவே புடைத்த கோடுகளால் குறித்திருக்கிறார்கள். இயந்திரம் பெரும்பாலும் வீட்டில் வெளிச்சம் குறைந்த மூலையில்தான் இருக்கும். அங்கே குனிந்து பார்த்தால் எதுவும் தெரிவதில்லை. மென்மையூட்டிப் பள்ளத்தில் ஒரு வரம்புக் கோடும் இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றக் கூடாது, ஏனென்றால் அந்தப் பள்ளம் சைஃபன் முறையில் வேலை செய்கிறது: திரவ மட்டம் நடுவிலுள்ள குழாயின் விளிம்பைத் தாண்டிவிட்டால் மொத்தமும் தானாகவே உறிஞ்சி இறங்கிவிடும். கடைசி அலசலில் இறங்க வேண்டியது முன்கூட்டியே இறங்கி அழுக்குத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். இவ்வளவு முக்கியமான ஒரு கோட்டை நீல மையில் போட்டிருக்கலாம். வேலை முடிந்த பிறகு அந்தப் பள்ளத்தின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது பழுது இல்லை, காற்று புகுந்ததும் சைஃபன் நின்றுவிடுவதால் மிஞ்சுவது. கையேடு இதைச் சொல்லியிருந்தால் பல வீடுகளில் வீண் கவலை மிச்சமாகியிருக்கும்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைப் பற்றி அனைவரும் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிங்குகளில் தொங்கும் தொட்டி குலுங்கும்போது அதற்கு இடம் கொடுக்க மடிப்பு மடிப்பாகத்தான் அந்த ரப்பர் இருக்க முடியும்; மடிப்பு இருந்தால் தண்ணீரும் நூல்துகளும் தங்கத்தான் செய்யும், தங்கினால் பூஞ்சை பிடிக்கும். துவைத்த பின் ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கதவைச் சற்றுத் திறந்து வைப்பது நல்லது. இங்கேதான் தொல்லை: இந்தக் கதவு பாதி திறந்த நிலையில் நிற்பதில்லை. ஒன்று முழுவதும் திறந்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் தானாகவே மெல்லச் சாய்ந்து மூடிக்கொள்ளும். திறந்து வைக்கும்படி கையேட்டில் எழுதியவரும் கீலை வடிவமைத்தவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது. துடைக்கும்போது மடிப்புக்குள்ளிருந்து ஒற்றைக் காலுறை கிடைத்தால் அதன் ஜோடியைத் தேடும் வேலை அன்றைக்கு மிச்சம்.

கீழே வலது மூலையில் வடிகட்டி இருக்கிறது. நாணயம், ஊக்கு, சட்டைப் பொத்தான் போன்றவை வெளியேற்றும் பம்புக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். கழற்றினால் உள்ளே மிஞ்சிய தண்ணீர் கொட்டும். அதைப் பிடிக்க ஒரு தட்டை வைக்கலாம் என்றால், வடிகட்டியின் வாய்க்கும் தரைக்கும் இடையே சாப்பாட்டுத் தட்டுகூட நுழையாத அளவுக்குத்தான் இடைவெளி. தண்ணீரை முன்கூட்டியே வடிப்பதற்கென்று பக்கத்தில் ஒரு சிறு குழாய் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு விரல் நீளம்தான் வெளியே வருகிறது. முட்டி போட்டு, பழைய துண்டுகளைச் சுற்றிலும் பரப்பி, கொஞ்சம் திருகி, கொஞ்சம் வடியவிட்டு, மறுபடி மூடி, துண்டைப் பிழிந்து, மறுபடி திருகி என்று இந்த வேலை நீள்கிறது. முதுகுவலி உள்ளவர்களும் முதியவர்களும் இதைச் செய்யாமல் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டால் தண்ணீர் வடியாமல் இயந்திரம் நடுவில் நின்றுவிடும். மொத்த இயந்திரத்தையும் உள்ளங்கை அகலம் உயர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும்.

கைபேசிச் செயலி ஒன்றும் உண்டு. கணக்குத் தொடங்கச் சொல்கிறது, இருப்பிடத்தைக் கேட்கிறது, அடிக்கடி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. துணியை எப்படியும் நேரில் வந்துதான் போட வேண்டும் என்பதால் அதை நீக்கிவிட்டேன்.

முகப்பில் ஒட்டியிருந்த விளம்பர ஸ்டிக்கரை உரித்தபோது மேல்தாள் மட்டும் கையோடு வந்து, பசை அப்படியே இயந்திரத்தின் மேல் தங்கிவிட்டது. தூசியெல்லாம் அதில் ஒட்டிக் கறுப்பாக ஒரு சதுரம். சில சொட்டு எண்ணெயைத் தடவி, ஊறவிட்டு, மென்மையான துணியால் வட்டமாகத் தேய்த்தால் போகும். தகட்டை எதனாலும் சுரண்ட வேண்டாம், கீறல் விழுந்தால் துரு பிடிக்கும். உரித்தால் முழுதாக வரக்கூடிய பசைகள் சந்தையில் இல்லாமல் இல்லை.

இவற்றில் முக்கியமானவற்றைச் சேவை மையத்துக்குச் சொன்னேன். வந்தவர் பொறுமையாகக் கேட்டார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், ஒரு சுற்று ஓடவிட்டார். "சார், மெஷின் நல்லாத்தான் ஓடுது. இதையெல்லாம் கம்ப்ளெயின்ட்னு எழுத எங்க லிஸ்ட்ல இடமே இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. தண்ணீர் வடியவில்லை, டிரம் சுற்றவில்லை, கதவு பூட்டவில்லை என்று அவருடைய கருவியில் பட்டியல் இருந்தது; பாட்டு நீளமாக இருக்கிறது என்ற வரி அதில் இல்லை. வரி இல்லாத காரணத்தால் அந்தச் செய்தி வடிவமைப்பாளருக்குப் போய்ச் சேர்வதில்லை, சேராததால் அடுத்த மாடலும் அதே மெட்டோடு வருகிறது. அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த மனிதருக்கு ஐந்து கொடுத்தேன். இயந்திரத்தைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். துவைக்கும்போது எழும் ஒலி மிகவும் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். டிரம்முக்குள் ஒரு சிறு விளக்கு இருக்கிறது, கதவைத் திறந்ததும் எரிகிறது; அடியில் ஒட்டிக்கொண்ட கைக்குட்டையைத் தவறவிடாமல் எடுக்க அது உண்மையிலேயே உதவுகிறது. நடுவில் நிறுத்தி, மறந்துபோன ஒரு துணியைச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் நன்றாக இருக்கிறது. இவையும் சின்ன விஷயங்கள்தான். இவற்றை யோசித்த கைக்கு மற்றவற்றையும் யோசிக்கத் தெரிந்திருக்கும் என்பதே என் ஆதங்கத்துக்குக் காரணம்.

சலவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்; புழக்கத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. துணி வெளுத்தால் போதும், மற்றவை ஒரு பொருட்டல்ல என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். குழந்தை தூங்கும் வீட்டுக்கோ, முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கோ வாங்குகிறவர்கள், கடையில் விற்பனையாளர் சொல்லும் நிரல்களின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, இயந்திரத்தை மின்சாரத்தில் இணைக்கச் சொல்லுங்கள். ஒலியை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, அணைந்தது அணைந்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நுனியை நனைத்துக்கொண்டு பொத்தானைத் தொட்டுப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து விட்டுவிட்டு, அது நிற்கிறதா சாய்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாகக் கீழ்மூலையின் மூடியைத் திறக்கச் சொல்லி, வடிகட்டிக்கு அடியில் ஒரு தட்டு நுழையுமா என்று கையை வைத்து அளந்து பாருங்கள். நுழையாது என்றால், பக்கத்தில் இருக்கும் அடுத்த இயந்திரத்துக்கு நகருங்கள்.